கைப்பேசியால் இயக்கும் முதல் ரோபோ: புதிதாகத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

இரண்டு மோட்டார்களையும், நாம் எழுதும் நிரலை ஏற்றி இயக்கக்கூடிய சிறு மின்னணுப் பலகையான ஓர் ஆர்டுயினோ போர்டையும் கொண்டு, கைப்பேசியிலிருந்து ப்ளூடூத் வழியாக ஓட்டக்கூடிய ஒரு சிறு ரோபோவை முதன்முதலாகச் செய்ய முனைவோரின் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன. தொடங்குவோர் பெரும்பாலும் நிரல் எழுதுவதை நினைத்துத்தான் தயங்குகிறார்கள். உண்மையில் அவர்களை நிறுத்திவைப்பது பேட்டரியும் வயர் இணைப்புமே என்பதால், அவற்றைப் பற்றிய பதில்கள் இங்கே நீளமாக இருக்கும்.

கைப்பேசியால் ஓட்டும் வண்டியை ரோபோ என்று சொல்லலாமா?

கறாராகப் பார்த்தால், சுற்றுப்புறத்தைத் தானே உணர்ந்து முடிவெடுக்கும் எந்திரத்துக்குத்தான் அந்தப் பெயர் முழுமையாகப் பொருந்தும். ஆனாலும் தொலைவிலிருந்து இயக்கப்படும் எந்திரங்களுக்கு இந்தத் துறையில் தனி வரலாறு உண்டு. 1898ஆம் ஆண்டு நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஒரு சிறு படகை வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். 1970இல் நிலவில் இறங்கிய சோவியத் ஊர்தியான லூனகோட் 1, பூமியில் அமர்ந்திருந்த குழுவினரால் ஓட்டப்பட்டது. நீங்கள் செய்யும் வண்டியில் பின்னர் ஒரு சென்சரைச் சேர்த்து நிரலை மாற்றினால், அதே உடல் தானாக இயங்கத் தொடங்கிவிடும்.

என்னென்ன வாங்க வேண்டும்? எவ்வளவு செலவாகும்?

ஆர்டுயினோ ஊனோ என்ற வகைப் போர்டு ஒன்று, மோட்டார்களுக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அனுப்பும் எல்298என் மோட்டார் டிரைவர், எச்.சி-05 ப்ளூடூத் மாட்யூல், கடைகளில் பி.ஓ. மோட்டார் என்று கேட்டால் கிடைக்கும் மஞ்சள் நிற கியர் மோட்டார்கள் இரண்டு, அவற்றுக்கான சக்கரங்கள், முன்புறம் தாங்குவதற்கு எந்தத் திசையிலும் திரும்பும் ஒரு சிறு காஸ்டர் சக்கரம், இவற்றையெல்லாம் பொருத்த அக்ரிலிக் தட்டு, 18650 வகை லித்தியம் பேட்டரிகள் இரண்டும் அவற்றுக்கான ஹோல்டரும் சார்ஜரும், ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச், ஜம்பர் வயர்கள் ஆகியவை போதும். அசல் போர்டுக்குப் பதிலாக அதே வடிவமைப்பில் வரும் மலிவான போர்டை எடுத்தால், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1500 முதல் 2000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இவை அனைத்தையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். மற்ற ஊர்க்காரர்களுக்கு இணையக் கடைகள் இருக்கின்றன.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றையும் கட்டாயம் வாங்குங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன்: மின்னழுத்தம் போன்றவற்றை அளக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். விலை குறைந்த மீட்டரே போதும். அது கையில் இல்லாமல் ரோபோ செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான். எந்தப் பழுதையும் ஊகத்தால்தான் அணுக முடியும்.

ஆர்டுயினோ ஊனோ நல்லதா, ஈ.எஸ்.பி.32 நல்லதா?

ஈ.எஸ்.பி.32 என்பது ஊனோவைப் போலவே நிரல் ஏற்றி இயக்கும் இன்னொரு வகைப் போர்டு. திறனில் அது மிகவும் மேலானது. வைஃபையும் ப்ளூடூத்தும் அதற்குள்ளேயே இருப்பதால் தனி மாட்யூல் தேவையில்லை. இருந்தும் முதல் ரோபோவுக்கு ஊனோவையே பரிந்துரைக்கிறேன். ஊனோ 5 வோல்ட்டில் இயங்குகிறது. சிறு தவறுகளைத் தாங்குகிறது. ஏதேனும் ஐயம் எழுந்தால் அதற்கு விடை எளிதில் கிடைக்கிறது. ஈ.எஸ்.பி.32இன் பின்கள், அதாவது வயர்களை இணைக்கும் முனைகள், 3.3 வோல்ட்டுக்கு உரியவை. அவற்றில் தவறிப்போய் 5 வோல்ட்டைக் கொடுத்தால் சிப் பழுதாகிவிடக்கூடும். ஆனால் வீட்டில் ஐபோன் மட்டுமே இருக்கிறது என்றால் கதை வேறு. எச்.சி-05 பயன்படுத்தும் பழைய வகை ப்ளூடூத் சீரியல் தொடர்பை, ஆப்பிளின் அனுமதி பெறாத கருவிகளோடு ஐபோன் ஏற்படுத்திக்கொள்வதில்லை. அப்படிப்பட்டவர்கள் ஈ.எஸ்.பி.32ஐ வாங்கி, அதன் வைஃபை வழியாக உலாவியிலேயே திறக்கும் ஒரு பக்கத்திலிருந்து ஓட்டலாம்.

மோட்டாரை நேரடியாக ஊனோவின் பின்னில் இணைத்தால் என்ன?

ஊனோவின் ஒரு பின்னிலிருந்து பாதுகாப்பாக எடுக்கத்தக்க மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர். 40 மில்லிஆம்பியர் என்பது மீறவே கூடாத எல்லை. மஞ்சள் மோட்டாரோ சும்மா சுழலும்போதே நூற்றுக்கும் மேற்பட்ட மில்லிஆம்பியரை எடுக்கும். சக்கரம் சிக்கி நின்றுவிட்டால் ஒரு ஆம்பியரை நெருங்கும். அதை நேரடியாக இணைத்தால் பின் கருகும், அல்லது சிப்பே போய்விடும். மோட்டாரை நிறுத்தும் நொடியில் அதன் சுருளில் எழும் எதிர் மின்னழுத்தமும் போர்டுக்குக் கேடு.

மோட்டார் டிரைவர் இந்த இடைவெளியை நிரப்புகிறது. பேட்டரியிலிருந்து வரும் பெரிய மின்னோட்டத்தை, ஊனோ அனுப்பும் சிறிய சைகைக்கு ஏற்பத் திறந்தும் மூடியும் மோட்டாருக்கு அனுப்புவது அதன் வேலை. ஒவ்வொரு மோட்டாருக்கும் நான்கு மின்னணு சுவிட்சுகள் எச் என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் அமைந்திருக்கும். குறுக்கே எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு மூடினால் மோட்டார் ஒரு திசையிலும், மற்ற இரண்டு மூடினால் மறு திசையிலும் சுழலும்.

எல்298என் பழைய வடிவமைப்பு என்பதையும் அறிந்திருப்பது நல்லது. அதன் உள்ளே மின்னோட்டம் செல்லும்போது ஏறத்தாழ 2 வோல்ட் அதிலேயே வீணாகி வெப்பமாகிறது. அதன் முதுகில் கருப்பு உலோகத் தகடு நிற்பது அதனால்தான். இந்த இழப்பை முன்கூட்டியே கணக்கில் கொண்டால் அது குறையே அல்ல. இரண்டு லித்தியம் பேட்டரிகள் தரும் 7.4 வோல்ட்டில் 2 வோல்ட் கழிந்தால் மோட்டாருக்கு 5.4 வோல்ட் கிடைக்கிறது. 3 முதல் 6 வோல்ட் வரை ஓடக்கூடிய இந்த மோட்டாருக்கு அது சரியான அளவு. அதே டிரைவரில் 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரிகள் நான்கைப் போட்டால் மோட்டாருக்கு மிஞ்சுவது 2.8 வோல்ட்தான், வண்டி நகரத் தயங்கும். அந்த வகைப் பேட்டரிகளோடு செய்ய விரும்புவோர் இழப்பு மிகக் குறைந்த டி.பி.6612 டிரைவரை எடுப்பதே முறை.

9 வோல்ட் பேட்டரி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். தொடங்குவோரை மனம் தளரச் செய்யும் காரணங்களில் முதலிடம் இந்தச் சதுரப் பேட்டரிக்குத்தான். அதன்மேல் எழுதியிருக்கும் 9 வோல்ட் என்ற எண் வலிமையைக் குறிப்பதாகத் தோன்றும். உள்ளே இருப்பவையோ மிகச் சிறிய ஆறு கலங்கள்; அவற்றின் உள்மின்தடை அதிகம், கொள்ளளவு குறைவு. புகை எச்சரிக்கைக் கருவி, மல்டிமீட்டர் போன்ற மிகக் குறைந்த மின்னோட்டம் எடுக்கும் கருவிகளுக்கு அது பொருத்தமானது, மோட்டார்களுக்கு ஏற்றதல்ல.

இதை நீங்களே பார்க்கலாம். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் முனைகளில் வைத்துக்கொண்டு மோட்டார்களை ஓடவிடுங்கள். சும்மா இருந்தபோது 9க்கு மேல் காட்டிய எண், மோட்டார் கிளம்பியதும் சரியும். சக்கரத்தை விரலால் மெல்லப் பிடித்தால் இன்னும் கீழே இறங்கும். ஊனோவின் மின்னழுத்தம் போதாமல் போனவுடன் அது தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும், மோட்டார் நிற்கும், சுமை இறங்கியதால் மின்னழுத்தம் மீண்டும் ஏறும், மறுபடி ஆணை வந்ததும் இதே கதை. நிரலில் பிழை என்று நினைத்து இரவெல்லாம் வரிவரியாகத் தேடுபவர்கள் உண்டு. மோட்டார் கிளம்பும் நொடியில் ஊனோவின் மீதுள்ள எல் என்று குறிக்கப்பட்ட சிறு விளக்கு படபடவென மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் போர்டு மறுதொடக்கம் ஆகிறது என்று பொருள். நிரலைத் தொட வேண்டாம், பேட்டரியை மாற்றுங்கள்.

நல்ல பேட்டரி இருந்தும் இந்தச் சிக்கல் எப்போதாவது தலைகாட்டினால், டிரைவருக்கு மின்சாரம் நுழையும் இடத்தில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் துருவம் பார்த்து இணையுங்கள். ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரையும் வைத்தால் மோட்டாரின் பிரஷ்களிலிருந்து எழும் மின் இரைச்சல் தணியும்.

லித்தியம் பேட்டரி ஆபத்தானது என்கிறார்களே?

கவனமின்றிக் கையாண்டால் ஆபத்தானதுதான். அஞ்சி விலகவும் வேண்டியதில்லை. 18650 பேட்டரி முழுதாக சார்ஜ் ஆனதும் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் அது நிரந்தரமாகக் கெடத் தொடங்கும். தொடரிணைப்பில் உள்ள இரண்டும் சேர்ந்து 7 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் ஓட்டுவதை நிறுத்திச் சார்ஜ் செய்வது என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே வகை, ஒரே வயதுடைய இரண்டை மட்டும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். ஹோல்டரிலிருந்து கழற்றி, லித்தியத்துக்கென்றே உள்ள சார்ஜரில் தனித்தனியாகச் சார்ஜ் செய்யுங்கள். ஆளில்லாத வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வெளியே செல்லாதீர்கள். முனைகள் நேரடியாக ஒட்டிக்கொண்டால் வயரே பழுக்கும் அளவு மின்னோட்டம் பாயும் என்பதால், சாவிக்கொத்தோ சில்லறையோ உள்ள பையில் இவற்றைப் போடவே கூடாது. வாங்கும்போது உறையில் 9900 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். இந்த அளவுள்ள தரமான பேட்டரிகளே 3500ஐ ஒட்டித்தான் தருகின்றன.

ஒரு சிறுவரோ சிறுமியோ தனியாகச் செய்யப்போகிறார் என்றால், லித்தியத்தைத் தவிர்த்து, கடையில் கிடைக்கும் சாதாரண 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரிகள் ஆறைத் தொடரில் போடும் ஹோல்டரை வாங்கித் தருவது நல்லது. விரைவில் தீர்ந்துபோனாலும் மனநிம்மதி இருக்கும். புதிதாகப் போட்ட ஆறும் சேர்ந்து 9 வோல்ட்டைத் தருவதால், நிரலில் மோட்டாரின் வேகத்தைச் சற்றுக் குறைத்து வையுங்கள்.

எல்லாவற்றையும் எப்படி இணைப்பது?

பேட்டரியின் நேர்முனை சுவிட்ச் வழியாக டிரைவரின் 12 வோல்ட் என்று குறித்த திருகு முனைக்குச் செல்லட்டும். பெயர் அப்படியிருந்தாலும் 7.4 வோல்ட்டை அங்கேதான் கொடுக்க வேண்டும். அதே இடத்திலிருந்து ஒரு கிளை வயரை ஊனோவின் வின் என்ற பின்னுக்கு எடுங்கள். டிரைவரின் 5 வோல்ட் முனையிலிருந்தும் ஊனோவுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று பல வரைபடங்கள் காட்டும். ஆனால் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டுக்குக் குறைத்துத் தரும் அதிலுள்ள ரெகுலேட்டருக்கு ஏறத்தாழ 7 வோல்ட் உள்ளே வந்தால்தான் 5 வோல்ட் ஒழுங்காக வெளியே வரும். நம் பேட்டரி பாதி தீர்ந்ததுமே தடுமாற்றம் தொடங்கிவிடும். தவிர, அப்படி இணைத்த நிலையில் யு.எஸ்.பி. கேபிளையும் செருகினால் இரண்டு மூலங்கள் ஒன்றோடொன்று மோதும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.என்.ஏ., ஈ.என்.பி. முனைகளின்மேல் மாட்டப்பட்டிருக்கும் சிறு ஜம்பர் மூடிகளைக் கழற்றிவிட்டு, அவற்றை ஊனோவின் 5, 6ஆம் பின்களுக்கும், ஐ.என்.1 முதல் ஐ.என்.4 வரை உள்ளவற்றை 8 முதல் 11 வரையிலான பின்களுக்கும் கொண்டுசெல்லுங்கள். ப்ளூடூத் மாட்யூலுக்கு 2, 3ஆம் பின்களை ஒதுக்குங்கள்.

இனி, மறக்கவே கூடாத வயர் ஒன்று உண்டு. பேட்டரி, டிரைவர், ஊனோ, ப்ளூடூத் மாட்யூல் ஆகிய நான்கின் கிரவுண்டுகளும் (போர்டுகளில் ஜி.என்.டி. என்று குறித்த முனை; பேட்டரியில் எதிர்முனை) ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். 5 வோல்ட் என்பது எதிலிருந்து அளக்கப்பட்ட 5 என்பது முக்கியம். பொதுவான கிரவுண்ட் இல்லாவிட்டால் ஊனோ அனுப்பும் சைகையை டிரைவரால் படிக்க முடியாது. மோட்டார் சில நேரம் ஓடி, சில நேரம் நின்று, வயரைத் தொட்டால் அதிர்ந்து, பேய் பிடித்ததுபோல் நடந்துகொண்டால் முதலில் கிரவுண்ட் வயரைத்தான் சோதிக்க வேண்டும்.

டிரைவரின் நீல நிறத் திருகு முனைகளில் வயரைச் செருகும்போது, உரித்த செம்பிழைகளை முறுக்கி, ஓரிழைகூட வெளியே நீட்டாதபடி உள்ளே தள்ளி, திருகிய பிறகு வயரை மெல்ல இழுத்துப் பாருங்கள். பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒற்றை இழை போதும், டிரைவரை எரிக்க.

சால்டரிங் (உலோகத்தை உருக்கி வயரைப் பற்றவைப்பது) தெரியாமல் செய்ய முடியுமா?

மோட்டார்களில் வயர் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்டு வந்தால் முடியும். இல்லாவிட்டால் நான்கு இடங்களில் மட்டும் பற்றவைக்க வேண்டியிருக்கும். மோட்டாரின் செம்புத் தகடுகள் மெல்லியவை, எளிதில் ஒடிந்துவிடும். ஆகவே சால்டரிங் அயர்னை நீண்ட நேரம் அழுத்தி வைக்காதீர்கள். வயரை மோட்டாரின் உடலோடு ஒரு டேக் போட்டுக் கட்டிவிடுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்து, முடிந்ததும் கையைக் கழுவுங்கள். வழக்கமான சால்டர் கம்பியில் ஈயம் கலந்திருக்கிறது.

எச்.சி-05 கைப்பேசியோடு இணைய மறுக்கிறது. என்ன செய்வது?

மாட்யூலின் விளக்கு வேகமாக மின்னிக்கொண்டிருந்தால் அது இணைப்புக்காகக் காத்திருக்கிறது. இணைந்த பிறகு இரண்டு மின்னல், சற்று இடைவெளி, மீண்டும் இரண்டு மின்னல் என்று மாறும். முதலில் கைப்பேசியின் ப்ளூடூத் அமைப்புகளில் 1234 என்ற கடவு எண்ணைக் கொடுத்து இணையுங்கள். சில மாட்யூல்களில் அது 0000. அதன் பிறகே ரோபோவை ஓட்டும் செயலியைத் திறக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல், அருகிலுள்ள சாதனங்களுக்கான அனுமதியைச் செயலிக்குத் தனியாகத் தர வேண்டும். அதை மறுத்திருந்தால் பட்டியல் வெறுமையாகவே இருக்கும்.

மாட்யூலில் தரவைப் பெறும் ஆர்.எக்ஸ். முனை 3.3 வோல்ட்டை எதிர்பார்க்கிறது. ஊனோவிலிருந்து வரும் 5 வோல்ட்டை அப்படியே கொடுக்காமல், 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைத் தொடரில் வைத்து, இரண்டும் சேரும் புள்ளியிலிருந்து எடுங்கள். 1 கிலோஓம் ஊனோ பக்கமும் 2 கிலோஓம் கிரவுண்ட் பக்கமும் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 வோல்ட், கிடைக்கும்.

நிரலை ஊனோவில் ஏற்ற முடியவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். மாட்யூலை 0, 1ஆம் பின்களில் இணைத்திருந்தால், யு.எஸ்.பி.யும் அதே தடத்தைப் பயன்படுத்துவதால் ஏற்றம் தடைபடும். மலிவான போர்டுகளில் யு.எஸ்.பி. தொடர்பைக் கவனிக்கும் சி.எச்.340 சிப்புக்கான டிரைவர் மென்பொருள் கணினியில் நிறுவப்படாமலும் இருக்கலாம்.

நிரலில் என்ன எழுத வேண்டும்?

அடிப்படை மிக எளிது. முன்னே, பின்னே, இடம், வலம், நில் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கைப்பேசிச் செயலி ஒரே ஓர் எழுத்தை அனுப்பும். ஊனோ அந்த எழுத்தைப் படித்து, அதற்குரிய மோட்டார் திசைகளை அமைக்கும். நின்ற இடத்திலேயே திரும்ப, ஒரு சக்கரத்தை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் சுழற்றினால் போதும். தொடர்பு வேகம் 9600 என்று இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் எழுதாமல், முதல் நிரலில் ஒரு மோட்டாரை மட்டும் இரண்டு நொடி சுழற்றி நிறுத்துங்கள். பிறகு இரண்டாவது மோட்டார். பிறகு கைப்பேசியிலிருந்து வரும் எழுத்தைக் கணினித் திரையில் காட்டுவது. இறுதியில்தான் இரண்டையும் சேர்ப்பது. சோதனைகளின்போது வண்டியைச் சக்கரங்கள் தரையில் படாதவாறு ஒரு டப்பாவின்மேல் ஏற்றி வையுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான நிரல்களில் ஒரு முக்கியமான பகுதி விடுபட்டிருக்கிறது. முன்னே செல் என்ற ஆணை வந்த பிறகு ப்ளூடூத் அறுந்துபோனால் என்ன ஆகும்? நில் என்ற ஆணை வரவே வராது. ரோபோ கடைசி ஆணையையே பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உருளும் வரை ஓடும். எச்.சி-05இன் எட்டும் தொலைவு ஏறத்தாழ 10 மீட்டர்தான். நடுவில் சுவர் இருந்தால் இன்னும் குறைவு. ஆகவே இது அடிக்கடி நடக்கக்கூடியது. இதற்கான தீர்வு: ஒவ்வொரு ஆணை வரும்போதும், போர்டு எழுந்ததிலிருந்து கடந்த நேரத்தை மில்லி நொடிகளில் தரும் மில்லிஸ் என்ற கட்டளையால் நேரத்தைக் குறித்துவைத்து, கடைசி ஆணை வந்து 500 மில்லி நொடிகள் கடந்துவிட்டால் இரு மோட்டார்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். செயலியும் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும் வரை அதே எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புவதாக இருக்க வேண்டும். பல செயலிகள் ஒருமுறைதான் அனுப்புகின்றன. செயலிகளை உருவாக்க உதவும் எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர் என்ற இணையக் கருவியில் கட்டங்களை அடுக்கியே 100 மில்லி நொடிக்கு ஒருமுறை அனுப்பும் செயலியை நீங்களே செய்துகொள்ளலாம். முடித்ததும், சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்கும்போதே கைப்பேசியின் ப்ளூடூத்தை அணைத்துப் பாருங்கள். அரை நொடியில் நிற்காத ரோபோவைத் தரையில் இறக்காதீர்கள்.

ஒரு சக்கரம் தலைகீழாகச் சுற்றுகிறது.

அந்த மோட்டாரின் இரண்டு வயர்களையும் டிரைவரில் இடம் மாற்றிச் செருகுங்கள்.

நேராக ஓட்டினால் ஒரு பக்கமாக வளைந்து செல்கிறது.

ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மஞ்சள் மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. முதலில் உடலைப் பாருங்கள்: சக்கரம் தட்டில் உரசுகிறதா, காஸ்டர் சக்கரத்தில் முடியோ நூலோ சிக்கியிருக்கிறதா, பேட்டரியின் எடை ஒரே பக்கம் இருக்கிறதா என்று சோதியுங்கள். எடை இரு பின்சக்கரங்களுக்கும் நடுவே, காஸ்டர் பக்கம் சற்றே சாய்ந்திருந்தால் சக்கரங்களுக்குப் பிடிமானமும் கிடைக்கும், வண்டியும் குப்புற விழாது. அதன் பிறகு நிரலில் வேகமான மோட்டாருக்குக் கொடுக்கும் வேக அளவை, அதன் உச்சமான 255இலிருந்து சிறிது சிறிதாகக் குறைத்து, தரையில் ஒட்டிய நீளமான டேப்பின் மேல் ஓட்டிச் சரிசெய்யுங்கள். மிகக் குறைந்த அளவில் மோட்டார் சுழலாமல் கீச்சென்று ஒலி மட்டும் எழுப்பும். அது பழுதல்ல, அந்த அளவு மோட்டாரின் உராய்வை மீறப் போதவில்லை என்பதே. பேட்டரி தீரத் தீர இந்தச் சமன் சிறிது மாறும். முழுத் துல்லியம் வேண்டுமென்றால் சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடர் தேவை. முதல் ரோபோவில் அதைச் சேர்க்க வேண்டாம்.

இந்த அலைவரிசையைப் பயன்படுத்த உரிமம் வேண்டுமா?

ப்ளூடூத்தும் வைஃபையும் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறனுள்ள கருவிகளை இயக்க இந்தியாவில் உரிமம் தேவையில்லை.

பள்ளி மாணவர்கள் எங்கே பழகலாம்?

நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ் பல பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் இருக்கின்றன. அவை 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கானவை. உங்கள் பள்ளியில் இருந்தால் பூட்டிய அறையாக விட்டுவைக்காமல், அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

ஓடத் தொடங்கிவிட்டது. அடுத்து எதைச் சேர்க்கலாம்?

எச்.சி-எஸ்.ஆர்.04 என்ற மீயொலி சென்சரைச் சேருங்கள். அது ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. மைக்ரோ நொடிகளில் கிடைக்கும் அந்த நேரத்தை 58ஆல் வகுத்தால் தொலைவு சென்டிமீட்டரில் கிடைக்கும். 2 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரை அளக்கும் என்பது அதன் குறிப்பு. திரைச்சீலை போன்ற மென்மையான பொருள்களும் சாய்ந்த பரப்புகளும் எதிரொலியைச் சரியாகத் திருப்பாது. முன்னால் 20 சென்டிமீட்டருக்குள் தடை தென்பட்டால், கைப்பேசியிலிருந்து முன்னே செல் என்ற ஆணை வந்தாலும் ரோபோ அதை ஏற்காதபடி நிரலில் ஒரு நிபந்தனையைச் சேருங்கள். தடை என்றதும் எல்லா ஆணைகளையும் மறுக்கும்படி எழுதினால், சுவர் முன்னே நின்றுவிட்ட ரோபோவை மறுபடி கையால்தான் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். பின்னே செல்லும் ஆணையும் திரும்பும் ஆணைகளும் எப்போதும் செல்லுபடியாகட்டும்.